எழுத்தும் வரைவும்: ஓவிய எழுத்தாளர் தாள்களும் மொழிபெயர்ப்பும்

0. முன்னுரை

ஓவியராகத் தொடங்கிப் பின்னர் எழுத்தாளராகவும் விளங்கிய ஒருவரின் தாள்கள் ஆவணக் காப்பகத்தை அடையும்போது முதலில் நிகழ்வது பிரித்து அடுக்குதல் ஆகும். வரைபடங்கள் ஒரு பெட்டிக்கும் கையெழுத்துப்படிகள் மற்றொரு பெட்டிக்கும் செல்கின்றன. ஒரே தாளில் இரண்டும் இருந்தால், அவற்றுள் எது மிகுதியோ அதன் பெயரால் அத்தாள் பதியப்படுகிறது. கலை வரலாற்று ஆய்வாளர் முதற்பெட்டியைத் திறக்கிறார். இலக்கிய ஆய்வாளரும் மொழிபெயர்ப்பாளரும் இரண்டாம் பெட்டியைத் திறக்கின்றனர். இவ்விரு சாராரும் ஒருவர் கண்டதை மற்றவர் காண்பதில்லை.

இப்பிரிப்பு பட்டியல் முறையினின்று தோன்றியதேயன்றித் தாள்களின் இயல்பினின்று தோன்றியதன்று என்பதும், இதனால் பெரிதும் இழப்பவர் மொழிபெயர்ப்பாளரே என்பதும் இக்கட்டுரையின் கருத்து. இதனை நிறுவ முதலில் எழுதுதல், வரைதல் ஆகிய வினைகள் இந்திய மொழிகள் சிலவற்றில் பெறும் பொருட்புலம் நோக்கப்படுகிறது. அடுத்து அபனீந்திரநாத் தாகூர் (1871–1951), பினோத் பிகாரி முகர்ஜி (1904–1980), கே. ஜி. சுப்ரமணியன் (1924–2016) ஆகிய மூவரின் எழுத்துகள் ஆராயப்படுகின்றன. இம்மூவரும் ஆசிரியர், மாணவர் என்ற தொடர்பால் ஒரே மரபில் வருவோர் ஆவர். அபனீந்திரநாத்தின் மாணவர் நந்தலால் போஸ். நந்தலாலின் மாணவர் பினோத் பிகாரி. இவ்விருவரிடமும் சாந்திநிகேதனில் பயின்றவர் சுப்ரமணியன்.

1. சொற்கள் காட்டும் பொருட்புலம்

1.1. 'எழுது' என்னும் தமிழ் வினை இன்றைய வழக்கில் பெரும்பாலும் வரிவடிவத்தைப் பதித்தலையே குறிக்கிறது. பழந்தமிழில் அதன் பொருட்புலம் அகன்றது. பரிபாடலின் 19ஆம் பாடல் திருப்பரங்குன்றத்து ஓவிய மண்டபத்தைக் குறிக்கையில் 'எழுத்து' என்னும் சொல்லையே ஆள்கிறது. மகளிர் உடலில் சந்தனக்குழம்பு முதலியவற்றால் கோலம் இடுதல் 'தொய்யில் எழுதுதல்' எனப்பட்டது. கண்ணுக்கு 'மை எழுதுதல்' என்னும் தொடர் இன்றும் விளங்காததன்று.

'வரை' என்னும் வினையின் வரலாறு இதற்கு மறுதலையானது. இன்று அது முதன்மையாகப் படம் தீட்டுதலைக் குறிக்கிறது. ஆயினும் 'கட்டுரை வரைக' என்று வினாத்தாள் கேட்கிறது. 'மடல் வரைந்தார்' என்று இலக்கிய நடை கூறுகிறது. சட்டமன்றத்தில் வைக்கப்படுவது 'சட்ட வரைவு'. நூலாசிரியரின் முற்றுப்பெறாத படியும் 'வரைவு' என்றே வழங்குகிறது. எனவே எழுத்தின் தொடக்கநிலைக்குத் தமிழ் வைத்துள்ள பெயர் வரைதலிலிருந்து பிறந்த பெயராகும். ஆவணக் காப்பகத்துக்கு இச்சொல் எவ்வாறு பயன்படும் என்பது பின்னர்க் கூறப்படும்.

1.2. இன மொழிகளிலும் இந்நிலை காணப்படுகிறது. மலையாளத்தில் ஓவியக்கலைக்குச் 'சித்திரமெழுத்து' என்று பெயர். ராஜா ரவிவர்மா (1848–1906) சித்திரமெழுத்துக் கோயித்தம்புரான் என்றே அறியப்பட்டவர். கோயில்களிலும் இல்லங்களிலும் வண்ணப்பொடி கொண்டு தரையில் தெய்வ உருவம் அமைக்கும் கலை 'களமெழுத்து' எனப்படும். தெலுங்கில் ஸ்ரீகாளஹஸ்திக் கலம்காரித் துணியோவியம் 'வ்ராதபனி', அதாவது எழுத்துவேலை, எனப்படுகிறது. கன்னடத்தில் 'பரெ' என்னும் வினை எழுதுதல், படம் வரைதல் ஆகிய இரண்டுக்கும் பொது. தமிழ் வகரம் கன்னடத்தில் ஒலிப்புடைப் பகரமாக வருவது 'வா : பா', 'வேர் : பேரு' முதலியவற்றால் அறிந்த ஒன்றே, 'வரை : பரெ' என்பதும் அம்முறையில் அமைந்தது. பர்ரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி இவற்றை ஓரினமாகவே காட்டுகிறது.

வட இந்தியாவிலும் மிதிலைப் பெண்கள் தம் சுவரோவியத்தை 'லிகியா', அதாவது எழுத்து, என்கின்றனர். வங்காளத்துச் சுருளோவியரான பட்டுவாக்கள் தாம் ஓவியச்சுருளை 'எழுதுவதாகவே' கூறுவர். வடமொழியின் 'லிக்' என்னும் வேர் கீறுதல், எழுதுதல், தீட்டுதல் ஆகிய மூன்றையும் தன்னுள் கொண்டது.

1.3. இப்பொருட்புலம் நூல்வழக்கில் மட்டும் உறைவதன்று. பெங்களூரின் காக்ஸ் டவுன் பகுதி இதற்குத் தக்க சான்று. பழைய படைநிலையப் பகுதியைச் சேர்ந்த அவ்விடத்தில் தமிழ் பலருக்கு வீட்டுமொழி. கன்னடம் மாநில மொழி. கடைப்பலகைகளில் ஆங்கிலமும் உண்டு. பலகையில் பெயரும் படமும் தீட்டுபவரைத் தமிழர் 'போர்டு எழுதுபவர்' என்பர். கன்னடர் 'போர்டு பரெயுவவரு' என்பர். தையற்கடைப் பலகையில் கடைப்பெயரை மூன்று வரிவடிவங்களில் இட்டு, அருகில் கத்தரிக்கோலையும் தீட்டினால், அம்முழுப் பணிக்கும் பெயர் எழுதுதலே. கத்தரிக்கோலை மட்டும் தனியே கூறும்போது தமிழர் 'வரைந்தார்' என்பர். கன்னடர்க்கு அங்கும் 'பரெ'யே. தமிழ் ஒரு பணியை முழுமையாக நோக்கும்போது ஒரு வினையாலும் பகுத்து நோக்கும்போது இரு வினைகளாலும் சுட்டுகிறது. கன்னடம் ஈரிடத்தும் ஒரு வினையே ஆள்கிறது. அச்சிட்ட பிளெக்ஸ் பலகைகள் பரவிய பின்னர் இத்தொழில் சுருங்கிவிட்டது. எனினும் வழக்கு காட்டும் வேறுபாடு மொழியியலார் கருதத்தக்கது.

1.4. ஈண்டு ஒரு வரையறை தேவை. ஒரு சொல் இரு பொருள் தருவதனால் அம்மொழி பேசுவோர் இரு செயல்களையும் ஒன்றெனக் கருதுகின்றனர் என்று கொள்ளுதல் பிழை. கன்னடர் கடிதத்தையும் படத்தையும் வேறுபடுத்தி அறியாதவர் அல்லர். சொல்வழக்கு நிறுவுவது இவ்வளவே: இவ்விரு செயல்களையும் ஒரு வகையுள் அடக்குதல் இம்மொழிகளில் இயல்பாக இயல்வது, அவற்றை முற்றிலும் வேறான இரு வகைகளாகப் பகுக்கும் பட்டியல் முறை மட்டுமே இயல்பானது எனக் கொள்ள இடமில்லை. எஞ்சியதைத் தாள்களே நிறுவ வேண்டும்.

2. படமே தொடராகும் பக்கம்

பெங்களூரின் கஸ்தூரிபா சாலையில் உள்ள கலைக்கூடம் கே. வேங்கடப்பாவின் பெயர் தாங்கியது. மைசூர் அரசின் ஆதரவில் கல்கத்தா சென்ற வேங்கடப்பா அங்கே பயின்றது அபனீந்திரநாத்திடம். வங்காள ஓவிய மரபின் முதல்வராகவே அபனீந்திரநாத் தென்னாட்டில் அறியப்படுகிறார். வங்காள வாசகர்க்கோ அவர் உரைநடை ஆசிரியரும் ஆவார். சிறுவர்க்கான 'சகுந்தலா' 1895இலும் 'க்ஷீரேர் புதுல்' 1896இலும் வெளிவந்தன. 1930இல் அராபிய இரவுகள் ஓவிய வரிசையை முடித்த பின்னர் அவர் தீட்டியது குறைவு, எழுதியது மிகுதி. தம்மைப் 'படம் எழுதுபவர்' என்று அவர் கூறிக்கொண்டது வங்காளத்தில் பெயர்பெற்ற தொடர். இன்றைய வங்காளியில் எழுதுதலுக்கு 'லேகா', வரைதலுக்கு 'ஆங்கா' எனத் தனித்தனி வினைகள் உள்ளன. ஆகவே அத்தொடர் அன்றாட வழக்கினின்று விலகி, பட்டுவாக்களின் வழக்கைத் தழுவியது. நகரத்து ஓவியர் ஒருவர் நாட்டுப்புறக் கைவினைஞரின் வினைச்சொல்லை விரும்பி ஏற்றமை இதனால் புலனாகும்.

1930களில் அவர் இராமாயணக் கதையை ஜாத்ரா என்னும் மக்கள் நாடக வடிவில் எழுதினார். 'குத்துர் ஜாத்ரா' எனப்படும் அதன் கையெழுத்துப்படியில் எழுத்துக்கு இடையிலும் அருகிலும் செய்தித்தாள் விளம்பரங்களும் நிழற்படங்களும் அச்சுப்படங்களும் வெட்டி ஒட்டப்பட்டுள்ளன. 2009இல் கொல்கத்தாவில் இதன் நகற்பதிப்பு வெளிவந்தது. அதன் பின்னரே பொதுவாசகர் இப்படியை உள்ளவாறு காண இயன்றது.

இப்படங்களை விளக்கப்படங்கள் எனல் பொருந்தாது. விளக்கப்படம் தொடர் கூறியதை மீண்டும் கூறும். இங்கே ஒட்டிய படம் தொடர் கூறாததைக் கூறுகிறது. காவிய மாந்தர்க்கு அருகே வணிக விளம்பரம் வந்து அமரும்போது காவியக் காலமும் கல்கத்தாத் தெருவின் காலமும் ஒரே பக்கத்தில் மோதுகின்றன. நகைச்சுவை பிறப்பது அம்மோதலில்தான். எழுத்தை மட்டும் பெயர்த்து அச்சிட்டால் எஞ்சுவது எளிய சிறுவர் நாடகமே. நகைச்சுவையின் ஒரு பாதி பசை தடவி ஒட்டப்பட்டிருப்பதால், அது எழுத்துப்பெயர்ப்பில் விழுந்துவிடுகிறது. இத்தகைய பக்கத்தில் படம் தொடரின் ஓர் உறுப்பாகவே இயங்குகிறது. மொழிபெயர்ப்பாளர் அதனை நீக்குதல் பயனிலையை நீக்குதலை ஒக்கும்.

இதன் மறுதலையை இரவீந்திரநாத் தாகூரிடம் காணலாம். எழுத்தாளராயிருந்து ஓவியரானவர் அவர். 1924ஆம் ஆண்டைச் சார்ந்த 'பூரபி' கையெழுத்துப்படியில் அவர் அடித்த சொற்கள் ஒன்றோடொன்று இணைந்து உருவங்களாயின. 2013இல் ஜாதவ்பூர்ப் பல்கலைக்கழகம் வெளியிட்ட 'பிசித்ரா' என்னும் மின்தொகுப்பு அவருடைய கையெழுத்துப்படிகளையும் அச்சுப்பதிப்புகளையும் ஒருங்கே தந்து, பாடவேறுபாடுகளை ஒப்பிடவும் வழிசெய்தது. இந்திய மொழிகளில் இது ஒரு பெரும்பணி. ஆயினும் ஒப்பிடுதற்கு அலகாக அமைவது சொல். அடித்தல் உருவமாக மாறிய இடத்தில் சொல்லளவில் கிடைப்பது நீக்கம் மட்டுமே. அந்நீக்கத்தில் பிறந்ததைக் காண வாசகர் பக்கத்தின் படிமத்துக்கே திரும்பவேண்டும்.

3. ஆசிரியர் கை இல்லாத தாள்

பினோத் பிகாரி பிறவியிலேயே பார்வைக் குறை உடையவர். சாந்திநிகேதன் ஹிந்தி பவனத்தில் 1946–47இல் அவர் தீட்டிய இடைக்கால அடியார் சுவரோவியம் இந்திய நவீன ஓவியத்தின் பெருஞ்சாதனைகளுள் ஒன்று. 1957இல் கண் அறுவைக்குப் பின் பார்வை முற்றிலும் போயிற்று. அதன் பின்னரும் அவர் கலை வரலாறு கற்பித்தார். தாளை மடித்தும் வெட்டியும் உருவங்கள் அமைத்தார். 1972இல் கலாபவனச் சுவருக்கு ஓட்டோவியம் ஒன்றை உருவாக்கினார். அவ்வாண்டிலேயே சத்யஜித் ராய் அவரைப் பற்றிய ஆவணப்படத்தை எடுத்தார். தன்வரலாற்று நூலான 'சித்ரகர்' 1979இல் வெளிவந்தது.

ஓவியர் எழுதும் உரைநடையைக் 'காட்சித்தன்மை வாய்ந்தது' எனப் பாராட்டுவது திறனாய்வில் ஒரு வழக்கமாகிவிட்டது. பினோத் பிகாரியின் நடைக்கு இப்பாராட்டுப் பொருந்தவில்லை. பார்வையிழப்புக்குப் பிந்திய பகுதிகளில் அந்நடையைத் தாங்குவன தொடுதலும் ஒலியும் இடவுணர்வும் ஆகும். அதன் தொடர்கள் பெரும்பாலும் சிறியவை. வியப்பும் இரக்கமும் வேண்டாதவை. இழந்ததைக் குறித்துப் புலம்பும் நடையை எதிர்பார்க்கும் வாசகர், புதிய கருவி ஒன்றைக் கையாளக் கற்பவரின் குறிப்பையே காண்கிறார்.

இத்தகைய ஆசிரியரின் தாள்கள் காப்பகத்துக்குத் தரும் சிக்கல் தனித்தன்மை வாய்ந்தது. பார்வையிழந்த பின் அவருடைய எழுத்துப்பணி பிறர் கையின் துணையோடு நடந்தது. ஆகவே கையெழுத்துப்படியில் உள்ள கை ஆசிரியருடையதன்று. மடித்து வெட்டிய தாளில் உள்ள மடிப்போ அவருடையதே. எழுத்துப் பெட்டியில் அவர் கை இல்லை. படப் பெட்டியில்தான் உள்ளது. இவ்விரண்டையும் பிரித்து வைத்தால் அவர் எழுத்தை அவர் உடலோடு இணைக்கும் சான்று அறுந்துபோகிறது. அபனீந்திரநாத்தின் 'கரோவா' (1941), 'ஜோடாசாங்கோர் தாரே' (1944) ஆகிய நினைவுநூல்களும் அவர் கூற ராணி சந்தா எழுதியவை. சொன்னவர், எழுதியவர் என்னும் இருவரையும் பதியாத பட்டியல் பேச்சுநடை யாருடையது என்னும் மொழியியல் வினாவுக்கு விடை தராது. தொடரமைப்பில் காணும் சிதைவு ஆசிரியரின் பேச்சு வழக்கா, எழுதியவரின் விரைவா என்பதை அறியாமல் மொழிபெயர்ப்பாளர் எந்நடையைத் தம் மொழியில் அமைப்பார்?

தமிழ்நாட்டில் இதற்கு அணுக்கமான ஒருவர் மனோகர் தேவதாஸ் (1936–2022). மதுரையின் கோயில்களையும் தெருக்களையும் பேனாவால் நுணுக்கமாக வரைந்த அவர், விழித்திரை நோயால் பார்வை படிப்படியாகக் குறுகிவந்த காலத்தில் நூல்களும் எழுதினார். 1997இல் வந்த அவர் புதினம் மதுரையில் கழிந்த இளமையைக் கூறுவது. மதுரைத் தமிழில் வாழ்ந்ததை ஆங்கிலத்தில் எழுதிய அவரை வாசிக்கையில், அவர் வரைந்த தெருக்களை அருகில் வைத்துக் காணுதல் மொழிபெயர்ப்பாளர்க்கு அகராதியினும் பயன்படும்.

4. ஓவியரே மொழிபெயர்ப்பாளராதல்

கே. ஜி. சுப்ரமணியன் கேரளத்துக் கூத்துப்பறம்பில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர், மாஹேயில் வளர்ந்தவர். ஓவியத்தைச் சித்திரமெழுத்து என வழங்கும் மொழிச்சூழல் அது. சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளியல் பயின்றபோது விடுதலைப் போரில் ஈடுபட்டுச் சிறை சென்றார். 1944இல் சாந்திநிகேதன் சேர்ந்தார். பின்னர்ப் பரோடாவிலும் சாந்திநிகேதனிலும் கற்பித்தார். 1978இல் வந்த கட்டுரைத் தொகுதி முதலாக அவருடைய கலைக்கட்டுரைகள் ஆங்கிலத்தில் நூல்களாயின. சிறுவர் நூல்களுக்கு எழுத்தும் படமும் அவரே ஆக்கினார். நெருக்கடி நிலையைக் (1975–77) கருவாகக் கொண்ட 'பேசும் முகத்தின் கதை' அவற்றுள் ஒன்று. எழுத்தாளர் ஒருவர், ஓவியர் மற்றொருவர் என்னும் பகுப்பு இந்நூல்களுக்கு இல்லாமையால், எழுத்து நிறுத்திய இடத்தில் படம் தொடர்கிறது. இதனை வேறொரு மொழியில் வெளியிடுவோர் வரிகளின் நீளத்தையும் பக்கப் பகுப்பையும் மாற்றினால் கதையின் நடையே மாறும்.

பினோத் பிகாரியின் 'சித்ரகர்' நூலை ஆங்கிலத்தில் பெயர்த்தவரும் சுப்ரமணியனே. அப்பெயர்ப்பு 2006இல் கொல்கத்தாவில் வெளிவந்தது. வீட்டில் தமிழும் வெளியில் மலையாளமும் வழங்கிய ஒருவர், கற்றறிந்த வங்காளியிலிருந்து ஆங்கிலத்துக்குப் பெயர்த்தமை எண்ணத்தக்கது. அவர் மூல ஆசிரியரின் மாணவர்; சுவரில் ஈரச்சுண்ணம் உலருமுன் வண்ணம் ஏற்றுவதை உடனிருந்து அறிந்தவர். அகராதிப் பொருளுக்கும் தொழிற்பொருளுக்கும் இடையே மொழிபெயர்ப்பாளர் தடுமாறும் இடங்களில் அவர்க்குக் கைப்பழக்கம் துணைநின்றது. ஆங்கில நூலுக்கும் 'சித்ரகர்' என்னும் பெயரையே அவர் நிறுத்தியமையும் தக்கதே. வங்காளத்தில் அச்சொல் ஓவியரைக் குறிக்கும் பொதுச்சொல். பட்டுவாக்களின் குலப்பெயரும் ஆகும். ஒரு நவீன ஓவியர் கைவினைக் குலத்தோடு தம்மை வைத்து எண்ணும் குறிப்பு அதில் உண்டு. ஆங்கிலத்தில் அதற்கு நிகர் இல்லை.

தமிழில் இந்நூலைப் பெயர்ப்போர்க்கு வேறு வகையான இடர்கள் எதிர்ப்படும். 'ஓவியர்' என்பது கலைக்கல்லூரிச் சூழலைச் சார்ந்தது. கைவினைக் குலக்குறிப்பைத் தராது. 'சித்திரகாரர்' என்பது அக்குறிப்பை ஓரளவு தரும். மகேந்திரவர்ம பல்லவனின் 'சித்திரகாரப்புலி' என்னும் பட்டப்பெயரால் தமிழ் வாசகர்க்கு அது அயலுமன்று. இனித் 'தூலி' என்னும் வங்காளச் சொல்லைக் கொள்வோம். அது பட்டறையிலும் வழங்கும், கவிதையிலும் வழங்கும். தமிழில் 'தூரிகை' ஏட்டுவழக்கு. பட்டறையில் வழங்குவது 'பிரஷ்'. தூரிகை என்றால் பினோத் பிகாரியின் எளிய நடை அணிநடையாகிவிடும். பிரஷ் என்றால் பட்டறை நெருக்கம் கிடைக்கும், ஆனால் மூலத்தின் ஒருசீர்மை குலையும். பட்டறைக் காட்சிகளில் 'பிரஷ்' என்றும், ஆசிரியர் கலையைப் பொதுவாக நினையும் இடங்களில் 'தூரிகை' என்றும் ஆளுதல் ஏற்கத்தக்க தீர்வு. எவ்விடம் எத்தகையது என்பதை அறிய அந்நூலின் சொற்கள் மட்டும் போதா. அக்காலத்து வரைதாள்களும் கருவிகளின் படங்களும் வேண்டும்.

இங்கேதான் சுப்ரமணியனின் தனிச்சேகரம் பயன்படுகிறது. ஹாங்காங்கில் 2000இல் தோன்றிய ஆசியக் கலை ஆவணக் காப்பகம் 'பரோடா ஆவணங்கள்' என்னும் திட்டத்தின்கீழ் அவருடையது உள்ளிட்ட நான்கு கலைஞர்களின் சேகரங்களை மின்னாக்கம் செய்துள்ளது. தெற்காசியக் கலையெழுத்துக்கு அக்காப்பகம் தொகுத்த நூற்பட்டியல் தமிழ் உள்ளிட்ட 13 மொழிகளைத் தழுவியது. தாள்கள் ஓரிடத்தில் குவியாமல், உரியவர் கையிலேயே இருந்துகொண்டு படிமமாகப் பலரை அடையும் இம்முறை வரவேற்கத்தக்கது. மின்தொகுப்பில் பெட்டிகளின் சுவர் இல்லை. ஒரே தாளைப் படமாகவும் எழுத்தாகவும் ஒருசேரப் பதிய எத்தடையும் இல்லை. பழைய பெட்டிகளின் பகுப்பை மின்பட்டியலும் தொடருமாயின், அதற்கு இடநெருக்கடி என்னும் காரணம் இனிக் கூறவியலாது.

5. பட்டியலுக்கு வேண்டுவன

மேற்கூறியவற்றால் சில நடைமுறைகள் பெறப்படுகின்றன. ஓவிய எழுத்தாளர் தாள்களில் பதிவின் அலகு பக்கமாதல் வேண்டும். பக்கத்தில் உள்ளது படமா எழுத்தா என்பது அதன் பண்புகளுள் ஒன்றாக மட்டும் குறிக்கப்படுதல் வேண்டும். எழுதியது யார் கை, சொன்னது யார் வாய் என்பன தனித்தனியே பதியப்படுதல் வேண்டும். ஒட்டிய தாள், அடித்த சொல், மடிப்பு ஆகியன சேதங்களாகக் கருதப்படாமல் பாடத்தின் பகுதியாகக் கருதப்படுதல் வேண்டும்.

தமிழில் பட்டியலிடுவோர்க்கு மொழி ஒரு வசதியை முன்னரே தந்துள்ளது. 'வரைவு' என்னும் சொல் சுவரோவியத்துக்கான முன்படத்துக்கும் கட்டுரைக்கான முற்படிக்கும் ஒருங்கே பொருந்தும். இவ்விரண்டையும் ஒரு தலைப்பின்கீழ்க் கொண்டுவர ஆங்கிலத்தில் இரு சொற்கள் வேண்டும். தமிழில் ஒன்றே போதும். 'எழுத்து' என்பதனை வரிவடிவத்துக்கு மட்டும் ஒதுக்கிக்கொண்டு, 'வரைவு' என்பதனை இருவகை முற்படிகளுக்கும் பொதுச்சொல்லாக நிறுத்துதல் இக்காலத் தமிழுக்கும் பழைய பொருட்புலத்துக்கும் ஒருங்கே இசையும்.

இம்முறைக்குத் தடை ஒன்று எழுப்பப்படலாம். ஒவ்வொரு பக்கத்தையும் தனித்துப் பதிவது காலமும் பொருளும் மிகுதியாக வேண்டுவது. இத்தடை மெய்யே. எனினும் எல்லாத் தாள்களுக்கும் இது தேவையன்று. கணக்குத்தாள்களும் அழைப்பிதழ்களும் தொகுதியாகவே பதியப்படலாம். படமும் எழுத்தும் ஒரு பக்கத்தில் கலந்தவை மட்டும் தனிப்பதிவு பெற்றால் போதும். பகுப்பதற்கு எளியவற்றைத் தொகுத்தும், பகுக்க இயலாதவற்றைத் தனித்தும் பதிதல் உழைப்பைச் சமன்செய்யும்.

6. முடிவுரை

1966இல் தோன்றிய சோழமண்டலக் கலைஞர் கிராமத்தின் முதல் தலைமுறையினர் பெரும்பாலோர் மறைந்துவிட்டனர். அதன் நிறுவனர் கே. சி. எஸ். பணிக்கர் 1960களில் தொடங்கிய 'சொற்களும் குறிகளும்' வரிசையில், வாசிக்கவியலாத வரிவடிவங்களே ஓவியமாயின. எழுத்தும் ஓவியமும் ஒன்றையொன்று நாடிய அத்தலைமுறையினரின் குறிப்பேடுகளும் மடல்களும் காப்பகங்களை அடையவேண்டிய காலம் இது. 1994இல் நிறுவப்பெற்ற சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் தமிழ் அச்சுநூல்களைக் காப்பதில் வல்லமை தமிழகத்துக்கு உண்டு என்பதை மெய்ப்பித்துள்ளது. ஓவிய எழுத்தாளரின் தாள்களுக்கு வேண்டுவது அதனையொத்த உழைப்பும், அவற்றுக்கு ஏற்ற பகுப்புமுறையும் ஆகும்.

அப்பகுப்பு முறையை முதல் பெட்டி திறக்கும் முன்னரே முடிவு செய்தல் வேண்டும். தாள்கள் ஒருமுறை பிரிந்து இரு பெட்டிகளில் எண்ணிடப்பட்டால், எப்பக்கம் எதனோடு இருந்தது என்பதை மீட்டறிதல் அரிது. அபனீந்திரநாத்தின் ஜாத்ராவில் ஒட்டிய விளம்பரத் துணுக்குகளை யாரேனும் எழுத்தைத் தூய்மை செய்வதாக எண்ணி அகற்றியிருந்தால், இன்று மொழிபெயர்ப்பாளர்க்கு எஞ்சியிருப்பது நாடகத்தின் ஒரு பாதியே.